பழைய வீட்டைப் படியெடுக்க எந்தத் தாள், எந்த மெழுகு? யாழ்ப்பாணக் கடைகளில் கிடைப்பவற்றின் மதிப்பீடு

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். யாழ்ப்பாணத்துப் பழைய வீடொன்றின் கதவையும் நிலத்தையும் சுவரையும் தாள் வைத்துத் தேய்த்துப் படியெடுக்க விரும்புபவர் கொழும்பிலிருந்தோ வெளிநாட்டிலிருந்தோ எதையும் தருவிக்க வேண்டியதில்லை. பட்டம் கட்டும் வெள்ளை ரிசுத் தாள், தையற் சாமான் கடையில் விற்கும் பசையில்லாத கன்வஸ், ஹாட்வெயார் கடையின் ஒக்சைட் பவுடரைக் கலந்து வீட்டிலேயே வார்த்த மெழுகுக் கட்டி ஆகிய மூன்றும் போதும். கடைக்காரர் முதலில் எடுத்து நீட்டும் ஒயில் பஸ்ரலையும் பிறவுண் பேப்பரையும் செலோ ரேப்பையும் வாங்க வேண்டாம்.

கைபேசிப் படம் இருக்கும்போது இது எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. படத்தில் வீட்டின் அளவு இருக்காது. தலைவாசல் நிலை நெஞ்சுக்கு வருமா நெற்றிக்கு வருமா என்பதைத் திரையில் பார்த்துச் சொல்ல முடியாது. படி ஒன்றுக்கு ஒன்று அளவில் இருக்கும். கனடாவில் ஒரு சுவரில் அதை விரித்துத் தொங்கவிட்டால் அந்தக் கதவு அந்த உயரத்திலேயே நிற்கும். அதைவிடப் பெரிய காரணம், படி கண்ணுக்குத் தெரியாததையும் காட்டும் என்பது. அதைச் சுவர் பற்றிச் சொல்லும்போது விரிவாகப் பார்ப்போம்.

தேய்த்துப் படியெடுப்பது எங்களுக்குப் புதிய வேலை அல்ல. கல்வெட்டு ஆய்வாளர்கள் நூறு ஆண்டுகளுக்கு மேலாக மைப்படி எடுத்து வருகிறார்கள். ஓவியத்தில் மாக்ஸ் ஏர்ண்ஸ்ற் 1925இல் ஒரு விடுதியின் பலகைத் தளத்தில் தாளை வைத்துத் தேய்த்ததிலிருந்து இது ஒரு தனி முறையாயிற்று. வீடு, நினைவு என்ற இடத்துக்கு இதை முழுமையாகக் கொண்டுவந்தவர் 1962இல் சியோலில் பிறந்த கலைஞர் டோ ஹோ சூ. தான் வாழ்ந்த வீடுகளை மெல்லிய துணியில் முழு அளவில் தைத்து உலகுக்கு அறிமுகமானவர், பிறகு நியூயோர்க்கில் பல ஆண்டுகள் குடியிருந்த வீட்டின் உட்புறம் முழுவதையும் தாளால் மூடி வண்ணப் பென்சிலால் தேய்த்தார். சியோலில் தந்தை கட்டிய மரபுவழி மரவீட்டையும் 2013இல் தொடங்கி முசுக்கொட்டைப் பட்டைத் தாளால் போர்த்தி கிராபைற்றால் படியெடுத்தார். சுவிச் பிளக், கதவுக் குமிழ், சுவர் விளிம்பு எதையும் அவர் விட்டுவைக்கவில்லை. எந்தப் பகுதி முக்கியம் என்று முன்கூட்டித் தீர்மானிக்காத அந்தப் பொறுமையைத்தான் அவரிடமிருந்து கற்க வேண்டும். இங்கே படியெடுக்கத் தொடங்குபவர்கள் செதுக்கு வேலையுள்ள கதவோடு நிறுத்திவிடுகிறார்கள். வாழ்ந்தவர்களின் கை பட்டுத் தேய்ந்த இடங்கள் அடுக்களையிலும் கிணற்றடியிலும்தான் கூட.

முசுக்கொட்டைத் தாளின் நார் நீளமானது. அதனால் மெல்லியதாக இருந்தும் எளிதில் கிழியாது. அது யாழ்ப்பாணக் கடைகளில் கிடைப்பதில்லை. அதற்கு ஈடாக ஒரே தாளைத் தேடாமல், மேற்பரப்பைப் பார்த்து இரண்டு வகை வாங்குவதே சரி.

முதலாவது, பட்டத்துக்கு ஒட்டும் ரிசுத் தாள். தைப்பொங்கலுக்கு முந்திய வாரங்களில் வல்வெட்டித்துறைப் பக்கம் மட்டுமல்ல, யாழ்ப்பாண நகரின் பெரியகடைப் பகுதி முழுவதும் இது குவிந்து கிடக்கும். பொங்கல் முடிந்தால் வண்ணத் தாள்களின் மிச்சம் மட்டும் இருக்கும், வெள்ளை அரிது. ஆகவே மார்கழியிலேயே வாங்கி வையுங்கள். வெள்ளைதான் வேண்டும். வண்ண ரிசுவின் சாயம் வேர்வைக் கை பட்டாலே இறங்கும், சுவரிலும் ஏறும். வழக்கமான அளவு 20 × 30 அங்குலம். இரண்டு தாளை வெளிச்சத்துக்குப் பிடித்துப் பாருங்கள். ஒரு பக்கம் பளபளப்பாகவும் மறுபக்கம் மங்கலாகவும் இருக்கும். மங்கல் பக்கத்தில்தான் மெழுகு பிடிக்கும். பளபளப்புப் பக்கத்தில் தேய்த்தால் மெழுகு வழுக்கிக் கோடு கோடாக விழும்.

இதன் பலம் நுணுக்கம். பனை மரத் தூணை எடுத்துக்கொள்ளுங்கள். பனையின் நார்க்கற்றைகள் வைரமானவை, இடையில் இருக்கும் சோறு மென்மையானது. வெயிலும் மழையும் பட்ட தூணில் சோறு தேய்ந்து நார் மட்டும் இழை இழையாக எழுந்து நிற்கும். ரிசுத் தாளில் அந்த ஒவ்வொரு இழையும் தனிக் கோடாக விழுகிறது. மற்ற எந்தத் தாளிலும் அது ஒரு சாம்பல் பூச்சாகத்தான் வரும். செஞ்சீமெந்து நிலத்துக்கும் இதுதான் பொருத்தம். மெருகேற்றிய சிவப்பு நிலத்தில் படியெடுக்க என்ன இருக்கிறது என்று தோன்றும். வெடிப்புகள், நூல் வைத்து அழுத்திய சதுரக் கோடுகள், கட்டில் கால் நின்ற பள்ளம், அலுமாரி இழுத்த கீறல் எல்லாமே இருக்கின்றன. நிலத்தின் படி பெரும்பாலும் வெறுமையாகத்தான் வரும். அந்த வெறுமையில் இந்தக் கோடுகள் மட்டும் எழும். அதை நிரப்ப முயலாதீர்கள்.

ரிசுவின் பலவீனம் எல்லாருக்கும் தெரிந்தது: கிழியும். காரை உதிர்ந்து சுண்ணாம்புக்கல் வெளியே தெரியும் சுவரில் வைத்தால் ஐந்து நிமிடம் தாங்காது. எங்கள் சுண்ணாம்புக்கல்லில் சிப்பியும் ஓட்டையும் நிறைய, விளிம்புகள் கூர். அங்கே இரண்டாவது வகை வேண்டும்.

கொலருக்கும் கைப்பட்டிக்கும் உள்ளே வைக்கத் தையற்காரர் வாங்கும் கன்வஸில் நெய்யாத மெல்லிய வகை ஒன்று உண்டு. நவீன சந்தையிலும் அதைச் சுற்றியும் உள்ள தையற் சாமான் கடைகளில் யார் (கெஜம்) கணக்கில் வெட்டித் தருவார்கள். மேலைநாடுகளில் கல்லறைக் கல்லைப் படியெடுப்பவர்கள் பயன்படுத்துவதும் இதே பொருள்தான். வாங்கும்போது இரண்டு சோதனை செய்யுங்கள். விரலால் இரு பக்கமும் தடவிப் பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் சிறு புள்ளிகளாகச் சொரசொரத்தால் அது இஸ்திரிக்கைச் சூட்டில் ஒட்டும் வகை. அதை விட்டுவிடுங்கள். பின்னர் மெழுகைப் பதிக்க இஸ்திரி போடும்போது அந்தப் பசை இளகி மேசையோடு ஒட்டிக்கொள்ளும். இரண்டாவதாக, அடியில் ஒரு நாணயத்தை வைத்துப் பென்சிலால் தேய்த்துப் பாருங்கள். எழுத்து வாசிக்க முடிந்தால் போதுமான மெல்லிசு. முடியாவிட்டால் அது பைக்கும் தொப்பிக்கும் வைக்கும் தடிப்பு, எங்களுக்கு உதவாது.

கன்வஸ் கிழியாது, சுருக்கினால் நிமிரும், மடித்து விமானப் பெட்டியில் வைக்கலாம். விலை ரிசுவைவிடப் பல மடங்கு. நுணுக்கம் குறைவு. பனை இழை இதில் வராது. ஆனால் செதுக்குக் கதவு, ஓடு, கிணற்றுக்கட்டு, காரை உதிர்ந்த சுவர் நான்குக்கும் இதைவிட நம்பகமானது இங்கே இல்லை.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லலாம். ரேசிங் பேப்பரில் கிராபைற் அழகாக விழும், ஆனால் விறைப்பானது. மூலையில் மடியாது, மடித்தால் வெள்ளைக் கோடு விழும், மார்கழி ஈரத்தில் அலை அலையாக நெளியும். பத்திரிகைத் தாளில் மரக்கூழின் லிக்னின் இருப்பதால் சில ஆண்டுகளில் பழுத்து நொறுங்கும். ஒத்திகைக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். போட்டோக்கொப்பித் தாள் 70, 80 ஜி.எஸ்.எம். தடிப்பு, ஆழமான எழுத்தைத் தவிர ஒன்றும் காட்டாது. பிறவுண் பேப்பர் தடிப்பும் நிறமும் சேர்ந்து இரட்டைத் தொல்லை.

தேய்க்கும் பொருளுக்கு வருவோம். பள்ளிப் பிள்ளைகளின் மெழுகுக் கிறேயன் தொடக்கத்துக்குக் கெட்டதில்லை. உறையைக் கழற்றிப் படுக்கையாகப் பிடித்துத் தேய்க்க வேண்டும், நுனியால் அல்ல. ஆனால் மலிவுக் கிறேயன் எங்கள் வெயிலில் இளகிவிடும். காலை பத்து மணிக்குப் பிறகு திட்டுத் திட்டாக அப்பும். ஒயில் பஸ்ரல் அதைவிட மோசம். அதன் எண்ணெய் ரிசுத் தாளை ஊடுருவிச் சுண்ணாம்புச் சுவரில் கறையாகப் பதிகிறது. சுண்ணாம்புப் பூச்சில் ஏறிய எண்ணெய்க் கறையை எடுப்பது மிகக் கடினம். மேலே இன்னொரு பூச்சு அடித்தாலும் மஞ்சளாக மேலெழும். குடியிருக்கும் வீட்டில் இதைச் செய்துவிட்டு வெளியே வர முடியாது.

கிராபைற் நல்ல பொருள். 6பி பென்சிலைவிட மேசன்மாரும் தச்சரும் வைத்திருக்கும் தட்டைப் பென்சில் வசதி, ஏனெனில் அதன் நாக்கு அகலம். ஆனால் கிராபைற் கையோடு வரும். தெளித்துப் பதிக்க ஒரு திரவம் தேவை. கடைகளில் ஓவியர்களுக்கான பதிப்புத் திரவம் எப்போதும் இருப்பதில்லை. தலைமயிருக்கு அடிக்கும் ஸ்பிறேயைச் சிலர் பரிந்துரைப்பார்கள், அது நாளடைவில் மஞ்சளாகும். ஆடை நீக்கிய பாலை நீரில் கலந்து தெளிப்பது பழைய ஓவியர்களின் முறை. அது பதிக்கும், ஆனால் எங்கள் வீடுகளில் கரப்பானுக்கும் எறும்புக்கும் விருந்து வைத்த மாதிரி. சிரட்டைக் கரியை எவரும் பரிந்துரைத்தால் கேட்க வேண்டாம். அது வைரமானது, தாளைக் கிழிக்கும், மரத்தையும் கீறும்.

ஆகவே மெழுகுக் கட்டியை நீங்களே வார்ப்பதுதான் வழி. அளவு இது: வெள்ளை மெழுகுதிரி 100 கிராம், தேன்மெழுகு 30 கிராம், சீமெந்து நிலத்துக்கு நிறம் போட விற்கும் ஒக்சைட் பவுடர் 40 கிராம். மெழுகுதிரி கட்டியைக் கடினமாக்கும். தேன்மெழுகு தாளோடு பிடிப்பைக் கொடுக்கும், அதன் உருகுநிலை 60 பாகை செல்சியசைத் தாண்டியது என்பதால் வெயிலையும் தாங்கும். தேன்மெழுகு கூடினால் கட்டி பிசுபிசுக்கும், குறைந்தால் தூளாக உதிரும்.

ஒரு பால்மா ரின்னில் இரண்டு மெழுகையும் போட்டு, கொதிநீர்ச் சட்டிக்குள் ரின்னை வைத்து உருக்குங்கள். நேரே அடுப்பில் வைத்தால் தீப்பிடிக்கும். திரியை எடுத்துவிட்டு ஒக்சைட்டைச் சல்லடையில் அரித்துச் சிறிது சிறிதாகச் சேருங்கள். பெரும்பாலானவர்கள் பிழைவிடுவது இதற்குப் பிறகுதான். இந்தப் பவுடர் இரும்பு ஒக்சைட், பாரமானது. மெழுகு நீர்மையாக இருக்கும்போதே வார்த்தால் நிறமெல்லாம் அடியில் இறங்கி, மேற்பாதி வெறும் மெழுகாக இறுகும். அடுப்பிலிருந்து இறக்கிக் கூழ்ப் பதம் வரும்வரை கிண்டிக்கொண்டே இருந்து, அந்தப் பதத்தில் வார்க்க வேண்டும். அச்சுக்கு அலுமினியத் தாள் விரித்த தீப்பெட்டித் தட்டு பொருத்தம். கைக்கு அடங்கும், நான்கு விளிம்பும் நேராக வரும். ஓர் இரவு ஆறவிட்டு எடுங்கள். நகத்தால் கீறினால் கோடு விழ வேண்டும், தூள் பறக்கக் கூடாது.

கறுப்பா சிவப்பா என்றால், மரத்துக்கும் சுவருக்கும் கறுப்பு. நிலத்துக்குச் சிவப்பையே சொல்வோம். அந்த நிலத்தை இட்ட மேசன் சீமெந்தில் கலந்ததும் இதே செந்நிற இரும்பு ஒக்சைட்தான். நிலத்தின் படி நிலத்தின் நிறத்திலேயே வருவதற்கு இதைவிட நேரான வழி கிடையாது. தொங்கவிட்டுப் பார்த்தால் யாரும் விளக்கம் கேட்காமலே இது எந்த நிலம் என்று கண்டுகொள்வார்கள்.

ஒட்டும் ரேப் விடயத்தில் கடுமையாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. செலோ ரேப் வேண்டவே வேண்டாம். மாஸ்கிங் ரேப் மரத்தில் ஒரு மணி நேரத்துக்குள் எடுத்தால் சரி, வெயிலில் அதற்கு மேல் விட்டால் பசை தங்கிவிடும். சுண்ணாம்பு பூசிய சுவரில் எந்த ரேப்பும் ஆகாது. எடுக்கும்போது பூச்சைச் செதிலாகக் கூட்டிக்கொண்டு வரும். சுவருக்கு உதவுவது இன்னொரு ஆள்தான். ஒருவர் பிடிக்க ஒருவர் தேய்க்க வேண்டும். தனியாளாக இருந்தால் தாளின் மேல் விளிம்பை ஒரு நீள மரச்சட்டத்தில் கிளிப்பால் கவ்வி, சட்டத்தை இரண்டு தடியில் முட்டுக்கொடுத்துச் சுவரோடு சாய்க்கலாம். கம்பி யன்னலருகே காந்தம் போதும்.

வேலை தொடங்குமுன் சுவரைச் சோதியுங்கள். உள்ளங்கையை அழுத்தித் துடைத்துப் பாருங்கள். வெண்பொடி தடித்து வந்தால் அந்தச் சுவரை விட்டுவிடுங்கள். லேசாக வந்தால் 2 அங்குல மென்மையான பெயின்ற் பிறஷால் மேலிருந்து கீழாகத் தூசு தட்டுங்கள், தேய்க்கவோ நீர் தொடவோ வேண்டாம். பிறகு மேசன்மாரின் ரியூப் லெவலால் சுவர் முழுவதும் ஒரே மட்டத்தில் சோக்கால் மெல்லிய அடையாளம் வையுங்கள். பழைய வீட்டு நிலம் மட்டமாக இராது. நிலத்தை நம்பி அடுக்கினால் நாலாவது தாளில் ஒரு அங்குலம் ஏறியிருக்கும்.

கணக்கு இப்படி. பத்து அடிக்குப் பத்து அடிச் சுவர் என்று வைத்துக்கொள்வோம். 20 × 30 அங்குல ரிசுவை நிமிர்த்தி, ஒவ்வொரு விளிம்பிலும் ஓர் அங்குலம் மேல்படிய வைத்தால் அகலத்துக்கு 7 தாள், உயரத்துக்கு 4. மொத்தம் 28. நாலு வரிசை 117 அங்குலம் எட்டும், உச்சியில் 3 அங்குலம் மிஞ்சும். அதை விடலாம், அல்லது ஐந்தாம் வரிசையாகக் கீற்று வெட்டி ஒட்டலாம். கிழிவதற்கும் பிழை போவதற்கும் சேர்த்து 40 தாள் வாங்குங்கள். மெழுகுக் கட்டி அளவாகத் தேய்த்தால் சுவருக்கு மூன்று, நாலு போகும்.

சுவரிலிருந்து எடுக்குமுன், எடுத்த பின் அல்ல, ஒவ்வொரு தாளின் மூலையிலும் பென்சிலால் இலக்கமிடுங்கள்: அறை, திசை, வரிசை, நிரல், மேல் நோக்கிய ஓர் அம்பு. "சாமியறை, வடக்கு, 2-5" என்றால் பத்து வருடம் கழித்தும் யாரும் அடுக்கலாம். இலக்கமிடாத 28 வெள்ளைத் தாள் சுவர்ப் படிகளை ஒழுங்குபடுத்துவது கிட்டத்தட்ட இயலாத காரியம். சுவரின் எல்லாப் பகுதியும் ஒன்றுபோலத்தான் தோன்றும்.

தேய்க்கும் முறையில் ஒரே விதிதான் முக்கியம்: முதல் சுற்றை மிக லேசாக, ஒரே திசையில் முழுத் தாளுக்கும் ஓட்டுங்கள். விளிம்புகளும் மேடுகளும் எங்கே என்று தெரிந்த பின் குறுக்குத் திசையில் இரண்டாம் சுற்று. பிடித்த இடத்தை முதலிலேயே அழுத்திக் கறுப்பாக்கினால் மற்ற இடத்தை அதற்கு ஈடாகக் கொண்டுவர முடியாது, தாளும் நகரும். நகர்ந்தால் இரட்டை விளிம்பு விழும். அதை அழித்துத் திருத்த வழியில்லை, புதுத் தாள்தான்.

இனிச் சுவர் சொல்லும் கதை. யாழ்ப்பாணத்தில் ஒரு சுவரில் மூன்று நாலு காலம் சேர்ந்திருக்கும். அடியில் சுண்ணாம்புக்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும், அதன்மேல் காலத்துக்குக் காலம் அடித்த வெள்ளை, பிறகு சீமெந்துப் பூச்சு, கடைசியாக எமல்சன். பெயின்ற் எல்லாவற்றையும் ஒரே நிறமாக்கிவிடுவதால் கண்ணுக்கு ஒரே சுவர். மெழுகுக்கு அப்படியல்ல. சுண்ணாம்புச் சாந்து தேய்ந்து மென்மையாகியிருக்கும், படியில் அது நுண்மையான, சீரான சாம்பல். சீமெந்தால் அடைத்த ஒட்டு மணல் மணலாகக் கூர்மையாக விழும். அடைத்துவிட்ட யன்னல், ஒரு காலத்தில் இரு வீட்டாரும் போய்வந்து பின் பங்கு பிரித்தபோது மூடிய வாசல், அலுமாரியாக இருந்த சுவர்க்குழி எல்லாம் படியில் சதுரமாக எழுந்து நிற்கும்.

போர்க்காலத்து ஒட்டுகளும் அப்படித்தான். 1995 ஒக்ரோபர் இறுதியில் வலிகாமத்து மக்கள் இடம்பெயர்ந்து, பின் திரும்பி வந்து பூசியெடுத்த வீடுகளில் துப்பாக்கிச் சன்னம் பாய்ந்த துளைகள் சீமெந்தால் அடைபட்டு, பெயின்றுக்குள் மறைந்திருக்கும். தேய்க்கும்போது அவை முதலில் கையில்தான் தெரியும். கட்டி ஓரிடத்தில் சற்றுத் தடுக்கும். பிறகு தாளில் வட்டமாக, சுற்றிலும் உள்ளதைவிடக் கரடான திட்டாக வரும். ஷெல் துண்டுகள் பட்ட சுவரில் இந்த வட்டங்கள் ஒரு பக்கமாகச் செறிந்து மறுபக்கம் ஐதாகி, எந்தப் பக்கத்திலிருந்து வந்தது என்பதையே காட்டும். அடைக்காத துளை இருந்தால் தாளை உள்ளே அழுத்த வேண்டாம். துளை வெள்ளையாகவே விழட்டும், விளிம்பு மட்டும் கறுக்கும். அதுதான் சரியான படி. வீட்டுக்காரர் அருகில் இருந்தால் இந்தச் சுவரைத் தேய்க்கப் போகிறோம் என்று முன்கூட்டிச் சொல்லி, சம்மதம் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். பூசி மறைத்ததை மற்றவர் கையால் வெளியே கொண்டுவருவது சிறிய காரியம் அல்ல.

மரக் கதவில் வரும் தொல்லை வேறு. செதுக்கு வேலை அரைச் சென்ரிமீற்றருக்கு மேல் ஆழமாக இருந்தால் தாள் ஒரு மேட்டிலிருந்து மற்ற மேட்டுக்குப் பாலம் போல நிற்கும். அங்கே அழுத்தினால் ரிசு கிழியும், கன்வஸ் பள்ளத்துக்குள் இழுபட்டுப் பூ வடிவத்தைக் கோணலாக்கும். பள்ளத்தை விட்டு மேடுகளை மட்டும் எடுங்கள், ஆழத்தைப் பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள். நிலையின் பக்கக் கால்களை மறக்க வேண்டாம். பிள்ளைகளின் உயரம் கீறிய கோடுகள், கொண்டி விழுந்து விழுந்து குழிந்த இடம், விளக்குச் சூடு பட்ட வடு எல்லாம் அங்கேதான் இருக்கும். சங்கடப்படலை (வீதியோர வாசலில் கூரை போட்ட படலை) இன்னும் நிற்கும் வீடாக இருந்தால் அதன் திண்ணை விளிம்பையும் எடுங்கள். வழிப்போக்கர் இருந்து எழும்பிய விளிம்பு உட்குழிவாகத் தேய்ந்திருக்கும்.

மங்களூர் ஓட்டின் அடிப்பக்கத்தில் தொழிற்சாலைப் பெயர் எழும்பிய எழுத்தில் இருக்கும். பேசல் மிஷன் என்ற கிறிஸ்தவ அமைப்பு 1865இல் மங்களூரில் தொடங்கிய தொழிற்சாலையைப் பார்த்துப் பின்வந்தவர்களும் தங்கள் பெயரை இப்படியே பதித்தார்கள். கன்வஸும் கறுப்புக் கட்டியுமாக இரண்டு நிமிட வேலை, ஒருபோதும் பிழை போகாது. கை பழக இதில் தொடங்குங்கள்.

ஈர முறை பற்றியும் கேட்கிறார்கள். மைப்படியில் தாளை நனைத்துக் கல்லில் ஒட்டி, விறைப்பான பிறஷால் அடித்து எழுத்துக்குள் இறக்கி, அரைவாசி காய்ந்ததும் பஞ்சுப் பொட்டணத்தால் மை ஒற்றுவார்கள். ஆழமான பள்ளத்துக்கு இதுவே சிறந்தது. ஆனால் நனைந்தாலும் கிழியாத தாள் வேண்டும். ரிசு நனைந்ததும் கூழாகிவிடும். கிணற்றுக்கட்டு, அம்மி, வாசற்படிக் கல் போன்ற தனிக் கல்லுக்கு மட்டும் இதை யோசிக்கலாம். சுண்ணாம்புச் சுவருக்கும் மரத்துக்கும் நீரைக் கொண்டுபோகவே வேண்டாம். நல்லூர் மந்திரிமனை போலத் தொல்பொருட் திணைக்களத்தின் பாதுகாப்பில் உள்ள கட்டடங்களில் உலர் முறையும் அனுமதியின்றிக் கூடாது.

றபர்ப் பால் பூசி உரிக்கும் முறையை இணையத்தில் பார்த்துவிட்டு ஆசைப்படுபவர்களுக்கு ஒரு சொல். சுவிற்சர்லாந்தின் கலைஞர் ஹைடி பூக்கர் தன் பெற்றோர் வீட்டு அறையில் மெல்லிய துணியையும் றபர்ப் பாலையும் அப்பி, காய்ந்ததும் சுவரின் தோலை உரிப்பதுபோல உரித்தெடுத்தார். பார்ப்பவரை உலுக்கும் படைப்பு அது. றபர்ப் பாலும் இந்த நாட்டிலேயே கிடைக்கும். ஆனால் அது சுவரின் மேற்பூச்சையும் கூட்டிக்கொண்டு வரும். நிற்கப் போகும் வீட்டுக்கு அது அழிவு. றபர்ப் பாலில் கலந்திருக்கும் அமோனியாவின் நெடி மூடிய அறையில் தாங்காது, சூட்டில் சில ஆண்டுகளில் றபர் பழுத்துப் பிசுக்கும். நாளை இடிக்கும் சுவராக இருந்தால் மட்டும் ஒரு சதுர அடி செய்து பாருங்கள்.

காலம் பார்த்துச் செய்யுங்கள். ஐப்பசி முதல் மார்கழி வரை மழை, சுவர் ஈரம், தாள் தொய்யும். வைகாசியில் சோளகம் (தென்மேற்குக் காற்று) எழும்பினால் முற்றத்துப் பக்கம் திறந்த விறாந்தையில் ரிசு நிற்காது. தை கடைசி முதல் பங்குனி வரை, விடியல் ஆறு மணியிலிருந்து ஒன்பதரை வரை சிறந்த நேரம். மெழுகு இறுக்கமாக இருக்கும், சாய்ந்த வெயிலில் மேடு பள்ளமும் தெளிவாகத் தெரியும்.

எடுத்த ரிசுப் படியை மடிக்காமல் 4 அங்குலப் பிவிசி குழாயின் வெளிப்புறம் சுற்றுங்கள், மெழுகுப் பக்கம் வெளியே பார்க்க. ஒவ்வொரு தாளுக்கும் இடையில் வெற்று ரிசு ஒன்று வேண்டும். தகரக் கூரைக்கு அடியில் வைத்தால் பகல் சூட்டில் மெழுகு இளகி அடுத்த தாளில் ஒட்டும். கன்வஸ் படிகளை மட்டும், மேலே வெள்ளைத் தாள் வைத்து மிகக் குறைந்த சூட்டில் இஸ்திரி போட்டு மெழுகை உள்ளே இறக்கலாம், சூடு கூடினால் கன்வஸே உருகிச் சுருங்கும். ரிசுவுக்கு இஸ்திரி கூடாது, மெழுகு பரவி எண்ணெய்த்தாள் மாதிரி ஒளி ஊடுருவும். கறையானுக்கு எட்டாத இரும்பு அலுமாரி, வெள்ளிப்பூச்சிக்குப் பூச்சி உருண்டை. உருண்டை தாளில் படாமல் சீலையில் முடிந்து வையுங்கள்.

காணி விற்று, இடிக்க நாள் குறித்து, கையில் இரண்டு காலை மட்டும் இருந்தால் வரிசை இப்படி இருக்கட்டும். முதலில் தலைவாசல் நிலையின் இரு கால்களும், நிலத்திலிருந்து ஆறடி வரை, கன்வஸில். இரண்டாவது அடுக்களை நிலமும் அதன் வாசற்படியும், ரிசுவும் சிவப்புக் கட்டியும். மூன்றாவது, முகப்பில் சீமெந்தில் எழுப்பிய ஆண்டும் பெயரும். அதற்கு ஏணியும் இரண்டு ஆளும் தேவை என்பதால் உதவிக்கு ஆள் வரும் நேரத்துக்கு விடுங்கள். நாலாவது, அதிகம் பேர் வாழ்ந்த அறையின் ஒரே ஒரு சுவர். நாலு சுவருக்கும் ஆசைப்பட்டால் ஒன்றும் முடியாது. செதுக்குக் கதவைப் படியெடுத்து நேரத்தைச் செலவழிக்க வேண்டாம். பழைய கதவு வாங்குபவர்கள் அதை எப்படியும் கழற்றி விற்பார்கள், அது எங்கோ ஒரு விடுதியில் நிற்கும். நிலமும் சுவரும் மட்டும்தான் மண்ணோடு போகும். ஓட்டைப் படியெடுக்கவும் தேவையில்லை. வேலையாட்களிடம் சொல்லி முழு ஓடுகள் இரண்டைக் கேட்டு வாங்கி வையுங்கள், கொடுப்பார்கள்.